முந்தைய தொழில்

டான்யூப் ஆற்றைப் பார்த்த வங்கிக் கிளை, மூன்றாம் மேசை.
என் வீட்டுக் கடன் விண்ணப்பம்
ஒரு கட்டத்தில் வந்து நிற்கிறது.
தற்போதைய தொழில் எழுதியாயிற்று:
ரூஸே துறைமுகம், தானிய லாரிகளுக்கு எடை போடுவது.
முந்தைய தொழில்?
டென்னிஸ் என்கிறேன்.
பிளாமென் தோச்செவ் பேனாவை நிறுத்திவிட்டு
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார்.
"ஜெயித்திருக்கிறீர்களா?"

நானூற்றுப் பன்னிரண்டு வெற்றி.
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுத் தோல்வி.
பதினான்கு வருடம் ஆடினேன்,
கழித்துப் பார்த்தால்
வருடத்துக்கு ஒன்று மிச்சம்.

"கொஞ்சம்" என்கிறேன்.

வருமானச் சான்று கேட்கிறார்.
ஷூ வந்த அட்டைப்பெட்டியை அப்படியே கவிழ்க்கிறேன்.
தாஷ்கண்ட், இஸ்மிர், ஓசியெக்,
பெயரே மறந்துபோன ஒரு ஊரின் ஈரம் பட்ட ரசீது.
அதிலிருந்து ஒன்றை உருவி எடுத்து
முதல் தடவையாக முகம் மலர்கிறார்.
"இது நல்ல தொகை. எந்தக் கோப்பை?"

கோப்பை இல்லை ஐயா.
பாரிஸில் முதல் சுற்றில் தோற்றதற்கு.
ஐம்பத்து மூன்று நிமிடம்.
ஆறுக்கு ஒன்று, ஆறுக்கு இரண்டு.
கோப்பை வாங்கியது இதோ, இந்தச் சிறிய தாளில்.
அந்த வாரம் ஐந்து பேரை வரிசையாக வீழ்த்தினேன்.
ரயில் டிக்கெட்டுக்கும் நரம்பு கட்டவும் சரியாகப் போனது.
அவர்கள் தந்த கண்ணாடிக் கிண்ணத்தில்
அம்மா பூண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

தோச்செவ் இரண்டு தாள்களையும்
இடம் மாற்றி வைத்துப் பார்க்கிறார்.
யாரோ தப்பாக அடுக்கிவிட்டதுபோல.

அவரிடம் சொல்லாதவை:
பாரிஸில் தோற்ற பணத்தில்தான்
எனக்காக விற்ற காரை அம்மா திரும்ப வாங்கினாள்.
அதே கார் இல்லை; அதே நிறம்.
ஆறு குளிர்காலம் அவள் துறைமுகத்துக்கு நடந்தே போனாள்,
கிரேனில் ஏறும்போது
முழங்கால் மட்டும் முணுமுணுக்கும் என்பாள்.

மால்டோவாக்காரி அவுரிக்கா சுர்க்கான்.
இரட்டையரில் என் பக்கம்.
ஒரே அறை, ஒரே கட்டில்,
வாஷ்பேசினில் துவைத்த இரண்டு ஜோடிப் பாவாடை.
ஒரு கோப்பை சூப்பை நடுவில் வைத்து
ரொட்டியைப் பிய்த்துத் தின்ற ராத்திரிக்கு மறுநாள் காலை
வலைக்கு அந்தப் பக்கம் அவள்.
என் பலவீனமான பக்கம் அவளுக்கு மனப்பாடம்.
அங்கேயே அடித்தாள், மூன்று செட்டும்.
கை குலுக்கும்போது அழுதது அவள்தான்.
சாயங்காலம் சூப் வாங்கித் தந்ததும் அவள்தான்,
தனித்தனிக் கோப்பையில்.

பிறகு மணிக்கட்டு.
இரண்டு அறுவை, ஒரு திருகாணி.
போத்கோரிட்சாவில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
அதில் ஒருவர் பேருந்துக்குக் காத்திருந்தவர்.
இரண்டாம் செட், மூன்றுக்கு நான்கு,
மட்டை கையில் நிற்கவில்லை.
நடுவரிடம் போய்ப் போதும் என்றேன்.
'விலகினார்' என்று குறித்துக்கொண்டார்.
அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் அவர் எழுதினார்.
எனக்கு அதற்கு மேல் வேறு சொல் தேவைப்படவில்லை.
விடுதிக்கு வண்டி ஓட்டியவரிடம் மட்டும் சொன்னேன்.
அவர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

"ராதோஸ்தினா வெல்ச்சேவா, இங்கே கையெழுத்து."
போடுகிறேன்.
வலது முன்கை இடதைவிடப் பருமன் என்பதை
அவர் கவனித்துவிட்டார்; கேட்கவில்லை.
வருமானம் என்ற கட்டத்தில்
வெற்றியின் தொகையைத் தப்பாக எழுதியிருந்தார் போல,
தன் தாளை உருண்டையாகக் கசக்கி
மூலையிலிருந்த கூடைக்கு வீசுகிறார்.

"அவுட்."
அது தரையில் விழுவதற்கு முன்பே
என் வாய் சொல்லிவிட்டது.
வரிசையில் நின்ற கிழவர் திரும்பிப் பார்க்கிறார்.
கூடைக்கு இந்தப் பக்கம், ஒரு விரற்கடை.

தோச்செவ் கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறார்.
"இரண்டாவது சர்வ் உண்டுதானே?"
உண்டு என்கிறேன்.

மேசை முழுவதும் தேடுகிறார்,
கசக்க இன்னொரு தாள்.
நான் என் விண்ணப்பத்தின் மேல்
மெல்லக் கையை வைத்துக்கொள்கிறேன்.